ஓட்டையும் வேணும்... ஒழுகவும் கூடாது! உலோக 3டி பிரிண்டிங்கில் குட்டி ஹீட் பைப் தயாராவது எப்படி?

செல்போனில் அரை மணி நேரம் கேம் ஆடினால் பின்பக்கம் சுட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் கேமும் திணறும். போன் பழசாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் பல நேரங்களில் காரணம் வேறு. உள்ளே இருக்கும் சிப், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சிப்புக்கு வேலை செய்யும் திறன் இருக்கிறது. சூட்டை வெளியே அனுப்பத்தான் வழியில்லை.

செல்போனையாவது கொஞ்ச நேரம் ஃபேன் காற்றில் வைக்கலாம். வெறும் 10 சென்டிமீட்டர் கனசதுர அளவில் தொடங்கும் கியூப்சாட் எனப்படும் குட்டி செயற்கைக்கோள்களுக்கு அந்த வசதியும் இல்லை. விண்வெளியில் காற்றே கிடையாது. உள்ளே உருவாகும் வெப்பத்தை வெளிப்புறத் தகடு வரை கொண்டுவந்து, அங்கிருந்து கதிர்வீச்சாக வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் கருவிகளை பாதி நேரம் அணைத்து வைக்க வேண்டியதுதான்.

இந்த வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் வேலையை பல ஆண்டுகளாகச் செய்து வருவது ஹீட் பைப் என்ற வெப்பக் குழாய். இப்போது அதை உலோக 3டி பிரிண்டரில், சின்ன சைஸில், ஒரே துண்டாகத் தயாரிக்க முயற்சிகள் நடக்கின்றன. அது எப்படி வேலை செய்கிறது? எங்கே சிக்குகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஹீட் பைப் என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், இரண்டு பக்கமும் அடைக்கப்பட்ட ஓர் உலோகக் குழாய். உள்ளே இருக்கும் காற்றை முழுவதுமாக உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீரோ வேறு திரவமோ ஊற்றி சீல் வைத்துவிடுவார்கள். குழாயின் உள்சுவரை ஒட்டி, நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு படலம் இருக்கும். இதற்குப் பெயர் விக், அதாவது திரி.

குழாயின் ஒரு முனை சூடான சிப்பின் மேல் இருக்கும். அங்கே திரியில் ஊறியிருக்கும் நீர், வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகும். அந்த ஆவி குழாயின் நடுவழியாக மறுமுனைக்கு ஓடும். அந்த முனை குளிர்ச்சியாக இருப்பதால், ஆவி மறுபடியும் நீராகி வெப்பத்தை அங்கே இறக்கிவைக்கும். பிறகு அந்த நீர், திரி வழியாக ஊர்ந்து சூடான முனைக்கே திரும்பி வரும். அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே தத்துவம்தான். பள்ளிப் பாடத்தில் நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்போம்.

மோட்டார் கிடையாது. பம்ப் கிடையாது. கரண்ட்டும் தேவையில்லை. வெப்பம் இருக்கும் வரை சுழற்சி நடந்துகொண்டே இருக்கும்.

உள்ளே காற்று இல்லாததால் அழுத்தம் மிகக் குறைவு. அதனால்தான் 100 டிகிரி வரை காத்திருக்காமல், 40 டிகிரியிலேயே நீர் தாராளமாக ஆவியாகிறது.

காப்பர் கம்பி போதாதா?

காப்பர் நல்ல வெப்பக் கடத்திதானே, ஒரு காப்பர் கம்பியை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

6 மில்லிமீட்டர் தடிமனும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள காப்பர் கம்பி வழியாக 20 வாட் வெப்பத்தை அனுப்ப வேண்டும் என்றால், இரு முனைகளுக்கும் இடையே சுமார் 265 டிகிரி வித்தியாசம் தேவைப்படும். அதாவது மறுமுனை 40 டிகிரியில் இருந்தால், சிப் பக்கம் 300 டிகிரியைத் தாண்டிவிடும். சிப் காலி!

அதே அளவுள்ள நல்ல ஹீட் பைப், அதே 20 வாட்டை சில டிகிரி வித்தியாசத்திலேயே கடத்திவிடும். காரணம், நீரின் உள்ளுறை வெப்பம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,200 ஜூலுக்கு மேல் வேண்டும். ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் அவ்வளவு வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. 50 வாட் வெப்பத்தைக் கடத்த, நிமிடத்துக்கு ஒன்றேகால் கிராம் நீர் ஆவியாகித் திரும்பினாலே போதும்.

யாருடைய கண்டுபிடிப்பு?

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்லர், திரியுடன் கூடிய இந்த யோசனைக்கு 1944-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1963-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைத் தனியாக உருவாக்கிக் காட்டினார். ஹீட் பைப் என்ற பெயரும் அங்கிருந்துதான் பிரபலமானது. 1967-ல் நீர் நிரப்பிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹீட் பைப் விண்வெளிக்கே அனுப்பி சோதிக்கப்பட்டது.

இன்று லேப்டாப்களில் இது சர்வசாதாரணம். 2016-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7 போனில் மெல்லிய ஹீட் பைப் இருந்தது. 2025-ல் வந்த ஐபோன் 17 ப்ரோவில் இருக்கும் வேப்பர் சேம்பரும் இதே குடும்பம்தான். குழாய்க்குப் பதில் தட்டையான பெட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாம் திரியின் கையில்

ஒரு ஹீட் பைப் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதை பெரும்பாலும் முடிவு செய்வது அதன் திரி. சூடான முனையில் நீர் ஆவியாகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து, திரி புது நீரைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் அந்த முனை வறண்டுவிடும். வறண்டதும் வெப்பக் கடத்தல் படுத்துவிடும், சிப்பின் சூடு சட்டென்று எகிறும்.

திரியின் துளை எவ்வளவு சிறியதோ, அவ்வளவு வலுவாக நீரை இழுக்கும். 20 மைக்ரான் ஆரம் உள்ள துளை, அதாவது தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய துளை, கணக்குப்படி சுமார் 70 சென்டிமீட்டர் உயரம் வரை நீரை இழுத்துப் பிடிக்கும்.

அப்போ துளையைச் சின்னதாக்கிக்கொண்டே போகலாமே? இங்கேதான் சிக்கல். துளையைப் பாதியாகக் குறைத்தால் இழுக்கும் சக்தி இரண்டு மடங்காகும். ஆனால் நீர் ஓடுவதற்கான தடை நான்கு மடங்காகிவிடும். சின்னத் துளை பலமாக இழுக்கும், ஆனால் மெதுவாகத்தான் விடும். பெரிய துளை வேகமாக விடும், ஆனால் இழுக்க வலுவில்லை. ஒரே திரியில் இரண்டும் வேண்டும் என்றால், சூடான முனையில் ஒருவித துளை, நடுவழியில் வேறுவித துளை என்று இடத்துக்கு இடம் மாற்றி அமைக்க வேண்டும்.

வழக்கமான முறையில் என்ன கஷ்டம்?

வழக்கமாக காப்பர் குழாய்க்குள் ஒரு ஸ்டீல் கம்பியைச் செருகி, சுற்றியுள்ள இடைவெளியில் காப்பர் தூளை நிரப்புவார்கள். பிறகு உலையில் 900 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். தூள் உருகாமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கம்பியை உருவி எடுத்தால் திரி ரெடி. இது மலிவான, நன்றாகப் பழகிய முறை. லட்சக்கணக்கில் தயாரிக்கலாம்.

ஆனால் நேரான உருண்டைக் குழாய்தான் கிடைக்கும். கருவிக்குள் இடம் கோணல்மாணலாக இருந்தால் குழாயை வளைக்க வேண்டும், தட்டையாக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது உள்ளே இருக்கும் திரி நசுங்கும், விரிசல் விடும். திறன் குறையும்.

இன்னொரு பிரச்னை ஒட்டு. குழாயை சிப்பின் மேல் இருக்கும் தகடோடு சால்டர் வைத்தோ, தெர்மல் பேஸ்ட் தடவியோ இணைக்க வேண்டும். இரண்டு பரப்புகள் சேரும் ஒவ்வொரு இடமும் வெப்பத்துக்கு ஒரு தடை. கருவி சின்னதாக ஆக, குழாயின் நீளத்தில் ஏற்படும் இழப்பைவிட இந்த ஒட்டுகளில் ஏற்படும் இழப்பே பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும்.

3டி பிரிண்டர் என்ன செய்கிறது?

இங்கே பயன்படுவது லேசர் பவுடர் பெட் ஃப்யூஷன் என்ற முறை. மாவு மாதிரி நைசான உலோகத் தூளை, ஒரு தட்டின் மேல் மெல்லிசாகப் பரப்புவார்கள். ஒரு துகளின் அளவு பொதுவாக 15 முதல் 45 மைக்ரான். கம்ப்யூட்டரில் உள்ள டிசைன்படி, தேவையான இடங்களில் மட்டும் லேசர் பட்டு தூளை உருக்கும். உருகியது உடனே இறுகிவிடும். தட்டு கொஞ்சம் கீழே இறங்கும். அடுத்த படலம் பரப்பப்படும். மறுபடி லேசர். உலோகம் துருப்பிடிக்காமல் இருக்க, இதெல்லாம் ஆர்கான் போன்ற வாயு நிரப்பிய அறைக்குள் நடக்கும்.

ஒரு படலம் 40 மைக்ரான் என்றால், 5 சென்டிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு 1,250 படலங்கள் வேண்டும். சில மணி நேரம் முதல் நாள் கணக்கு வரை ஆகலாம். ஆனால் வளைந்த குழாய், தட்டையான குழாய், கிளை பிரியும் குழாய் என எந்த வடிவமாக இருந்தாலும் அதற்கென்று அச்சு செய்ய வேண்டியதில்லை.

ஒரே லேசர்... இரண்டு வேலை

ஹீட் பைப்பைப் பொறுத்தவரை வடிவத்தைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரணமாக உலோக பிரிண்டிங்கில் நுண்துளை விழுந்தால் அது குறை. ராக்கெட் பாகத்தில் துளை இருந்தால் நிராகரித்துவிடுவார்கள். ஆனால் ஹீட் பைப்பின் திரிக்கு அந்தத் துளைகள்தான் தேவையே!

எனவே லேசரின் சக்தியையும், ஓடும் வேகத்தையும், கோடுகளுக்கு இடையேயான இடைவெளியையும் மாற்றுகிறார்கள். சுவர் வரும் இடத்தில் முழு சக்தி கொடுத்தால் தூள் முழுசாக உருகி கெட்டியாகும். திரி வரும் இடத்தில் சக்தியைக் குறைத்தாலோ, கோடுகளை அகலமாக விட்டாலோ, தூள் அரைகுறையாக உருகி இடையிடையே துளைகள் நிற்கும். ஒரே படலத்தில், சில மில்லிமீட்டர் தள்ளி, ஒரு பக்கம் கெட்டிச் சுவர், மறுபக்கம் பஞ்சு போன்ற திரி.

இன்னொரு வழியும் உண்டு. குட்டிக் குட்டி கம்பிகளால் ஆன பின்னல் அமைப்பை கம்ப்யூட்டரிலேயே வரைந்து அப்படியே பிரிண்ட் செய்வது. இதில் துளை எங்கே, எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் லேசர் புள்ளிக்கும் தூளுக்கும் ஓர் அளவு இருப்பதால், மிக நுண்ணிய துளைகளை இப்படி வரைந்து எடுப்பது கஷ்டம். அதனால் நுண்துளை வேண்டும் என்றால் முதல் வழி, நீர் தாராளமாக ஓட வேண்டும் என்றால் இரண்டாவது வழி. இரண்டையும் கலந்தும் செய்யலாம்.

எந்த வழியாக இருந்தாலும் திரியும் சுவரும் சேர்ந்தே பிறப்பதால், இரண்டுக்கும் நடுவே ஒட்டு கிடையாது. சிப் உட்காரும் அடித்தகட்டையும் சேர்த்தே பிரிண்ட் செய்துவிடலாம்.

யார் செய்து பார்த்திருக்கிறார்கள்?

பிரிட்டனில் நார்தம்ப்ரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு, அலுமினியக் கலவையில் சுவரும் பின்னல் திரியும் சேர்ந்த ஹீட் பைப்பை பிரிண்ட் செய்து, அம்மோனியா நிரப்பி சோதித்த முடிவுகளை 2013-ல் வெளியிட்டது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திரிகளை பிரிண்ட் செய்து, அவை திரவத்தை எவ்வளவு நன்றாக இழுக்கின்றன என்று அளந்தார்கள். அந்த ஆய்வு 2018-ல் வந்தது.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற குழு, 2015-ல் வேறு ரகத்தை முயன்றது. டைட்டானியக் கலவையில், உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டி. அதற்குள் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் பாதைகள், நான்கு அடுக்குகளாக. இதில் திரியே கிடையாது. பாதைக்குள் திரவத் துண்டுகளும் ஆவித் துண்டுகளும் மாறி மாறி நின்று, சூடு ஏறியதும் முன்னும் பின்னும் ஆடி வெப்பத்தைக் கடத்தும். ஜப்பானைச் சேர்ந்த ஹிசாதெரு அகாச்சி 1990-ல் அறிமுகப்படுத்திய ரகம் இது.

குட்டி செயற்கைக்கோள்களுக்காக வேலை செய்வது பென்சில்வேனியாவின் அட்வான்ஸ்டு கூலிங் டெக்னாலஜீஸ் நிறுவனம். நாசாவின் சிறு நிறுவனங்களுக்கான நிதியுதவியுடன், லூப் ஹீட் பைப் என்ற ரகத்தின் வெப்பம் வாங்கும் பகுதியை இவர்கள் பிரிண்ட் செய்கிறார்கள். லூப் ரகத்தில் திரவம் ஒரு வழியாகவும் ஆவி வேறு வழியாகவும் சுற்றி வரும். இரண்டுக்கும் நடுவே தடுப்பாக நிற்பது திரி. பழைய முறையில் திரியைத் தனியாகச் செய்து, உடலுக்குள் செருகி, விளிம்பில் கத்தி முனை போன்ற சீல் வைப்பார்கள். அந்த சீல் துளி விட்டுக்கொடுத்தாலும் ஆவி தவறான பக்கம் புகுந்து சுழற்சியே நின்றுபோகும். செலவு அதிகம் பிடிக்கும் இடமும், கோளாறு வரும் இடமும் அதுதான். ஒரே துண்டாக பிரிண்ட் செய்தால் அந்த சீலே தேவையில்லை.

இஸ்ரோவும் இதே பிரிண்டிங்கில்...

ஒட்டு குறைந்தால் எவ்வளவு லாபம் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. இது ஹீட் பைப் இல்லை, ராக்கெட் என்ஜின். ஆனால் பிரிண்டிங் முறை அதே லேசர் பவுடர் பெட் ஃப்யூஷன். பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்துக்கான பிஎஸ்4 என்ஜினை இப்படித் தயாரித்து, 2024 மே 9-ம் தேதி திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 665 விநாடிகள் எரித்து இஸ்ரோ சோதித்தது. 14 பாகங்கள் ஒரே துண்டானது. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. முன்பு 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமானதாக இருந்தது.

அப்புறம் என்ன தடை?

தடைகள் குறைந்தது நான்கு இருக்கின்றன.

முதலாவது, உள்ளே மாட்டிக்கொள்ளும் தூள். பிரிண்ட் முடிந்ததும் குழாய்க்குள் உருகாத தூள் நிறைந்திருக்கும். வெளியே எடுக்க சின்னத் துவாரம்தான் இருக்கும். குலுக்கி, தட்டி, அல்ட்ராசோனிக் அதிர்வு கொடுத்துதான் எடுக்க வேண்டும். மீதித் தூள் திரிக்குள் அடைத்துக்கொண்டால் ஹீட் பைப் வேஸ்ட். ஒன்றரை மில்லிமீட்டர் பாதை பல முறை வளைந்து போனால் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே முட்டு கொடுக்கும் கம்பிகளை பிரிண்ட் செய்யவும் முடியாது. பிறகு யார் உள்ளே போய் வெட்டுவது? அதனால் தன் எடையைத் தானே தாங்கும் வடிவமாகவே வரைய வேண்டும்.

இரண்டாவது, கசிவு. திரியில் துளை வேண்டும், சுவரில் ஒரு துளைகூட கூடாது. ஹீட் பைப்பில் இருக்கும் திரவமே சில கிராம்தான். கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தாலும் மாதங்கள் போகப் போக வெளிக்காற்று உள்ளே நுழைந்துவிடும். காற்று ஆவியைப் போல நீராகாது. குளிர்ந்த முனையில் போய்த் தேங்கி வழியை அடைத்துவிடும். இதனால்தான் ஒவ்வொரு துண்டையும் ஹீலியம் வாயு வைத்து கசிவுச் சோதனை செய்கிறார்கள்.

மூன்றாவது, உலோகமும் திரவமும் ஒத்துப்போக வேண்டும். பிரிண்ட் செய்ய சுலபமானது அலுமினியம்-சிலிக்கான் கலவை. எடையும் குறைவு. ஆனால் அலுமினியத்தோடு நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு உருவாகும். அதுவும் குழாயை அடைக்கும். அம்மோனியா போட்டால் ஒத்துப்போகும், ஆனால் அது விஷவாயு. 50 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சுமார் 20 மடங்கு. செயற்கைக்கோளுக்கு ஓகே, சட்டைப் பையில் வைக்கும் போனுக்கு ஆகாது. டைட்டானியம் நீரோடு ஒத்துப்போகும், ஆனால் வெப்பக் கடத்தலில் காப்பரோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவுதான்.

நான்காவது, காப்பர். நீரோடும் ஒத்துப்போகும், வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். ஆனால் வழக்கமான அகச்சிவப்பு லேசர் பட்டால் கண்ணாடி மாதிரி பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்வாங்கும் கொஞ்ச வெப்பமும் சட்டென்று பரவிவிடும். உருக்குவதே போராட்டம். பச்சை லேசரை காப்பர் நன்றாக உள்வாங்கும் என்பதால், இப்போது பச்சை லேசர் பிரிண்டர்கள் வந்திருக்கின்றன. காப்பரிலேயே குட்டி ஹீட் பைப் செய்யும் வழி இதன் மூலம் திறக்கிறது.

நம்ம போனுக்கு வருமா?

உடனடியாக வருவது சந்தேகம்தான். போனுக்கும் லேப்டாப்புக்கும் தேவைப்படுவது ஒரே மாதிரியான லட்சக்கணக்கான துண்டுகள். அதற்குப் பழைய முறையே மலிவு, வேகம். படலம் படலமாக வளரும் பிரிண்டரால் அந்த விலைக்குப் போட்டி போட முடியாது.

இதன் இடம் வேறு. எண்ணிக்கை குறைவு, இடம் நெருக்கடி, வடிவம் கோணல், பழுதானால் கழற்றிப் பார்க்க வழியில்லை என்ற இடங்கள். சுற்றுப்பாதைக்குப் போய்விட்ட கியூப்சாட்டின் சீலை யாரும் போய் இறுக்க முடியாது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் உலோகம் விரியும், சுருங்கும். ஒட்டு எத்தனை குறைகிறதோ, விட்டுப்போகக்கூடிய இடமும் அத்தனை குறையும்.

ஆனால் ஒரு துண்டு நன்றாக வேலை செய்தது என்பது மட்டும் போதாது. அடுத்து பிரிண்ட் செய்யும் துண்டிலும் திரியின் துளை அதே அளவில் வர வேண்டும், சுவர் அதே அளவு கெட்டியாக இருக்க வேண்டும். தூள் கொஞ்சம் மாறினாலும், லேசர் கொஞ்சம் மங்கினாலும் துளையின் அளவு மாறும். வெட்டிப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே சிடி ஸ்கேன் போன்ற சோதனைகள் வேண்டும். பிரிண்ட் செய்வதைப் போலவே இந்தச் சோதனைகளும் நம்பகமாகவும் செலவு குறைவாகவும் மாறும்போதுதான், ஆய்வகத்தில் இருக்கும் குட்டி ஹீட் பைப் வழக்கமான தயாரிப்பாக மாறும்.